வன்னிக் காற்றுக்கு ஒரு பட்டம்

பட்டம் கட்டப் பழக வேண்டும் என்று வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது வர்ணத்தைப் பற்றித்தான். எந்தப் பெயின்ற் தாளில் பிடிக்கும், மயில் கீறினால் எடுப்பாக இருக்குமா, ஏதாவது எழுதலாமா என்று கேட்பார்கள். நான் தூரிகையைக் கொடுப்பதில்லை. ஒரு மூங்கில் துண்டைக் கொடுத்து, இதை மெல்லிசாகச் சீவுங்கள் என்பேன். பட்டம் இருநூறு அடி மேலே போன பிறகு நீங்கள் கீறிய மயிலின் கண் யாருக்கும் தெரியாது. அதன் உருவம் தெரியும். தாளுக்குள்ளால் வரும் வெளிச்சம் தெரியும். அசைகிற விதம் தெரியும். காற்றில் கூவும் வில்லான விண் பூட்டியிருந்தால் சத்தம் கேட்கும். இவை எல்லாம் கட்டும்போதே முடிவாகிவிடுகின்றன. பட்டத்தை ஒரு கலைப்பொருளாக நினைக்கிறவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பட்டம் கட்டப் பழக்கியவர் பெரியப்பா. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்களோடு வளர்ந்தவர். குடியேற்றத் திட்டத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் காணி கிடைத்து வந்தபோது அந்த வித்தையும் அவரோடு வந்தது. கொக்கு, வௌவால், பிராந்து (பருந்து), எட்டுமூலை, பெட்டி என்று அவர் கட்டாத பட்டம் இல்லை. பெடியன்களோடு சேர்த்து என்னையும் இருத்திச் சொல்லித் தந்தார். அந்த நாளில் ஒரு பெண்பிள்ளைக்குப் பட்டம் கட்டப் பழக்குவதைப் பார்த்து ஊரில் கதைத்தவர்கள் இருந்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் வடமராட்சிப் பட்டத்தை அப்படியே கொண்டுவந்து வன்னியில் ஏற்ற முடியாது. இது நான் இந்த மண்ணில் படித்த முதல் பாடம். அங்கே கடலில் இருந்து வரும் வாடைக்காற்றை மறிக்க எதுவும் இல்லை. இங்கே காடு மறிக்கிறது. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற ஓரத்தில் காற்று சுழன்று, மேலும் கீழுமாக அடிக்கும். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல ஏழு எட்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால்தான் சீரான காற்று கிடைக்கும். இன்னொன்று, தை மாதம் இங்கே வயல் வெறுமையாக இருக்காது. காலபோக நெல் கதிரோடு நிற்கும். அதற்குள் இறங்கி ஓட எந்தக் கமக்காரரும் விடமாட்டார், விடவும் கூடாது. குளக்கட்டில் ஏறலாம், கடற்கரைக்குப் போகலாம், இல்லாவிட்டால் வெட்டு முடியும்வரை பொறுக்கலாம்.

என்னைக் கேட்டால் வன்னியில் பட்டக்காலம் சோளகம்தான். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கில் இருந்து நாள் முழுக்க ஒரே பிடியாக அடிக்கும். குளங்கள் வற்றி அலைகரை நீளத்துக்கு வெளிச்சுக் கிடக்கும். ஈரம் இல்லை, தாள் தொய்யாது. பாரமான ஓலைப் பட்டமும் துணிப் பட்டமும் அந்தக் காற்றில்தான் எழும்பும். பூநகரி, மன்னார்க் கரைகளில் அது இன்னும் பலம். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. காற்றை வைத்துப் பிழைக்கிறவர்கள் இடம் பார்த்துத்தான் நட்டிருக்கிறார்கள். அந்தக் கோபுரங்களுக்குக் கிட்டப் போய்ப் பட்டம் ஏற்றாதீர்கள். பறவைகள் வந்து போகும் வழியில் அவற்றை நட்டது பற்றி எனக்கு மனக்குறை உண்டு, அது வேறு கதை.

சரி, மூங்கிலுக்கு வருவோம். பட்டத்தின் எலும்பு அதுதான். எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவருடைய வளவு மூலையில் நிற்கும் பற்றையில் கேட்டு வெட்டுவோம். இளந்தடி வேண்டாம். காயும்போது சுருங்கி வளைந்துபோகும், பூச்சியும் சீக்கிரம் குத்தும். முற்றிய தடியை வெட்டி, கிடுகு பின்ன ஓலை ஊறப்போடும் அதே குட்டையில் சில கிழமைகள் தாழ்த்து வைப்பேன். மூங்கிலில் உள்ள மாச்சத்துக்குத்தான் பூச்சி வருகிறது. தண்ணீர் அதை வெளியே எடுத்துவிடும். எடுக்கும்போது மணம் பொறுக்க முடியாது. நிழலில் காய்ந்தால் போய்விடும்.

பெரியப்பா சொல்லித் தந்ததில் பெறுமதியான ஒன்று இருக்கிறது. இரண்டு செட்டைக்கும், அதாவது சிறகுக்கும், இரண்டு துண்டு தேடக்கூடாது. அகலமான ஒரே துண்டை எடுத்து நடுவால் பிளக்க வேண்டும். அப்போது இரண்டிலும் கணு ஒரே இடத்தில் இருக்கும், நார் ஒரே மாதிரி ஓடும், வளைவும் ஒன்றாக இருக்கும். பிளந்த பிறகு இரண்டின் அடிப்பக்கமும் பட்டத்தின் நடுவில் வரும்படி வைத்துக் கட்ட வேண்டும். ஒன்றின் அடியும் மற்றதன் நுனியும் நடுவில் வந்தால், எவ்வளவு அழகாகத் தாள் ஒட்டினாலும் பட்டம் ஒரு பக்கம் சாயும். கட்டிய செட்டையை நடுவில் ஒரு நூலால் தூக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைச் சீவுங்கள். சீவும்போது வயிற்றுப் பக்கத்தை மட்டும் சீவ வேண்டும். பச்சைத் தோல் இருந்த பக்கத்தில் கத்தி படக்கூடாது, மூங்கிலின் பலமே அந்தத் தோலில்தான் இருக்கிறது. பிறகு இரண்டு நுனியையும் நூலால் இழுத்து வில்லாக வளைத்து, எட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். வளைவு இரண்டு பக்கமும் ஒத்து வரும்வரை சீவுவதும் பார்ப்பதுமாக ஒரு பின்னேரம் போய்விடும். சித்திரப் பாடத்தில் சமச்சீர் என்று படிப்பிக்கிறோமே, அது என்ன என்று பிள்ளைகளுக்குக் கொப்பியில் கோடு கீறிக் காட்டியதைவிட இந்த மூங்கிலில்தான் நன்றாக விளங்கியது.

பட்டத்தை நூலோடு சேர்க்கும் முச்சையைக் கட்டுவதில் பலருக்குப் பயம். பயப்பட ஒன்றும் இல்லை. செட்டையில் இரண்டு இடம், நடுத்தண்டில் கீழே ஓர் இடம், மூன்று நூலும் சேரும் முடிச்சு ஒன்று. அந்த முடிச்சைப் பிடித்துப் பட்டத்தைத் தொங்கவிட்டால் தலை சற்று மேலேயும் அடி சற்றுக் கீழேயும் நிற்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் முடிச்சைத் தலைப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். காற்று மெதுவாக இருந்தால் அடிப்பக்கம் இறக்குங்கள். ஒரு விரற்கடை போதும், அதற்கே பட்டத்தின் குணம் மாறிவிடும். சுழன்று சுழன்று குத்தினால் வாலைக் கூட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் வாலில் கை வைக்க வேண்டாம். திரும்பச் செட்டையைப் பாருங்கள்.

இனித் தோல். பட்டம் ஒட்டும் மெல்லிய தாளான ரிசுப் பேப்பருக்கு இணையாக எதுவும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வெயிலை உள்ளே விட்டு நிறத்தைக் காட்டுவதில் அதை வெல்ல முடியாது. ஆகவே அதில் பெயின்ற் பூசி வெளிச்சத்தை அடைக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நிறத் தாளை ஒட்டினால், வானத்தில் மூன்றாவது நிறம் ஒன்று தெரியும். மஞ்சளுக்கு மேல் சிவப்பு வைத்தால் காய்ந்த பாலையிலையின் நிறம் வரும். ஒட்டிக் காய்ந்த பின் வாயால் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தால், தாள் காயும்போது இழுத்துத் தோற்பறை மாதிரி விறைக்கும். சட்டம் மிக மெல்லிசாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், முறுக்கிவிடும்.

பசை கோதுமை மாவில் காய்ச்சியதுதான். கூழாக இருக்க வேண்டும், களியாகக் கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் நான் சேர்ப்பதில்லை. இலை, ஓலை ஒட்டுவதற்கு விளாம்பிசின் நல்லது. இரவு தண்ணீரில் ஊறவிட்டால் காலையில் பதமாக இருக்கும், காய்ந்தால் கறை தெரியாது.

இந்த மண்ணில் கிடைக்கும் பொருள்களால் கட்டத் தொடங்கிய பிறகுதான் என் பட்டங்கள் என்னுடையவையாக ஆகின. தென்னையில் பன்னாடை இருக்கிறதே, மட்டைக்கும் மரத்துக்கும் இடையில் சுற்றியிருக்கும் வலை மாதிரியான நார், அதை எடுத்துத் தட்டித் தூசு நீக்கி, பின்னால் வெள்ளை ரிசுப் பேப்பர் ஒட்டினால், வெயிலில் ஒவ்வொரு நாரும் தனித்தனியாகத் தெரியும். எந்தக் கையாலும் அப்படிக் கோடு கீற முடியாது. அரசிலையைத் தண்ணீரில் ஊறவிட்டு, சதை அழுகிக் கழன்ற பின் மிஞ்சும் நரம்பை இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து ஒட்டுவேன். இலையின் சதையைக் கழற்றும்போது அவசரப்படக்கூடாது. பல் துலக்கும் பழைய பிரஷால், தண்ணீருக்குள் வைத்தபடி, நடு நரம்பில் இருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்ட வேண்டும். தேய்த்தால் கிழியும்.

பனை பொல்லாதது. குருத்தோலையை வெட்டிப் பாயின் கீழ் பரப்பி, பாரம் வைத்துக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒன்றன் ஓரம் மற்றதன் மேல் படும்படி நூலால் தைக்க வேண்டும். தைத்து முடிந்ததைக் கையில் தூக்கும்போதே பாரம் தெரியும். வாடைக்காலத்து மெதுவான காற்றில் அது தரையை விட்டு எழும்பாது. சோளகத்தில் கடற்கரைக்குக் கொண்டுபோனால் எழும்பும். எழும்பிய பிறகு அது நிற்கும் நிதானம் தாள் பட்டத்துக்கு வராது. ஆடாமல், அலையாமல் ஓரிடத்தில் நிற்கும்.

இலையில் பட்டம் கட்டுவது புதுமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தோனேசியாவின் முனாத் தீவில் காட்டுக் கிழங்குக் கொடியின் காய்ந்த இலைகளைக் கோத்துக் கட்டும் பட்டம் இன்றும் இருக்கிறது. சொலமன் தீவுகளில் ஓலைப் பட்டத்தைத் தோணியில் இருந்து ஏற்றி முரல் மீன் பிடிப்பார்கள். பட்டத்தில் இருந்து தொங்கும் நூலின் நுனியில் முள் கிடையாது, சிலந்தி வலையைத் திரட்டிக் கட்டியிருப்பார்கள். தண்ணீரின் மேல் அது துள்ளித் துள்ளிப் போகும்போது முரல் கவ்வும், பல் வலையில் சிக்கிக்கொள்ளும். இதை முல்லைத்தீவுக் கரையில் ஒரு வயதான கடற்றொழிலாளி ஐயாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "முரலுக்கு அது சரிதான் பிள்ளை, அது மேலால ஓடுற மீன்" என்றார். பிறகு என் ஓலைப் பட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "செட்டையை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வளை. பாய் காத்துப் பிடிக்கிறது வயித்தாலதான்" என்றார். பாய் விரித்துக் கடலோடிய காலத்து அறிவு. அவர் சொன்னபடி வில்லின் நூலை இறுக்கினேன். அதுவரை இரண்டு பக்கமும் உருண்டுகொண்டிருந்த பட்டம் நேராக நின்றது. செட்டை பின்னோக்கி வளைந்திருந்தால், ஒரு பக்கம் தாழும்போது அந்தப் பக்கத்தில் காற்று கூடப் பிடித்து, அதைத் தானாகத் தூக்கிவிடும்.

தறப்பாள் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலும், மீளக் குடியேறிய காணிகளிலும் நாங்கள் இருந்தது தறப்பாளுக்குக் கீழேதான். அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பான யூ.என்.எச்.சீ.ஆர். எழுத்துப் போட்ட வெள்ளைத் தறப்பாள் இன்றைக்கும் பல வளவுகளில் கோழிக்கூட்டுக்கோ விறகுக்கோ மூடிக் கிடக்கிறது. என்னிடம் படித்த ஒரு பிள்ளை தங்கள் வீட்டுத் தறப்பாளில் நைந்துபோன ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து, இதில் பட்டம் கட்டலாமா ரீச்சர் என்று கேட்டாள். அதன் மேல் எதையும் கீறவில்லை. மங்கிய நீல எழுத்தில் பாதி, பிறகு போட்ட தையல், புகை பிடித்த ஓரம் எல்லாவற்றையும் அப்படியே விட்டோம். பாரத்துக்குத் தக்கபடி மூங்கிலைத் தடிப்பாகச் சீவி, ஓரத்தை மடித்துத் தைத்து, சோளகத்தில் ஏற்றினோம். நூலைப் பிடித்திருந்தது அந்தப் பிள்ளையின் அம்மா. அவர் ஒன்றும் பேசவில்லை, நூலை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. நான் பார்த்த கலைப்படைப்புகளில் என் மனதை அவ்வளவு தொட்டது வேறில்லை.

உருவத்துக்கு நான் புத்தகம் பார்ப்பதில்லை, குளத்தைப் பார்ப்பேன். அலைகரையில் நின்று கொக்கு எழும்புவதைக் கவனியுங்கள். பறக்கத் தொடங்கியதும் கழுத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நாரையும் பூநாரையும் கழுத்தை நீட்டியபடியே பறக்கும். இது பட்டக்காரருக்குப் பெரிய வித்தியாசம். பூநாரைப் பட்டம் ஒன்று கட்டும் ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. நந்திக்கடலிலும் சுண்டிக்குளத்திலும் வங்காலையிலும் அவை கூட்டமாக இறங்கும். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்கா ஆனது. நீட்டிய கழுத்தைக் கட்டினால் அது முன்னால் காற்றைப் பிடித்துத் தலையைப் பக்கத்துக்குத் தள்ளும். அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று பார்த்தால், பறவையிடமே விடை இருக்கிறது. நீண்ட இரண்டு கால்களும் பின்னால் நேராக நீட்டி நிற்கின்றன. ஆகவே கழுத்தை ஒற்றைத் தென்னை ஈர்க்கில் மிக மெல்லிசாகச் செய்தேன். கால்களை இரண்டு நீள வாலாக விட்டேன், கழுத்தைவிடப் பல மடங்கு நீளமாக. செட்டையின் உள்பக்கத்தில் மட்டும் இளஞ்சிவப்புத் தாள், நுனியில் கறுப்பு. உட்கார்ந்திருக்கும் பூநாரை வெளிறித் தெரிந்தாலும், செட்டை விரிக்கும்போதுதான் சிவப்பும் கறுப்பும் தெரியும்.

பிராந்து வேறொன்றைச் சொல்லித் தரும். வட்டமிடும்போது அதன் செட்டை நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து நிற்கும். பலமான காற்று ஒன்று வந்து மோதினால் அந்த நுனிகள்தான் முதலில் வளைந்து கொடுக்கும், உடம்பு அசையாது. பட்டத்தில் செட்டை நுனியை நறுக்கி ஐந்தாறு விரலாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈர்க்கு வைத்தால் அதே வேலையைச் செய்கிறது. காட்டோரக் காற்று உள்ள எங்கள் ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

வாலுக்கு நான் போகும் இடம் கோயில். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரெல்லாம் தோரணம் கட்டும்போது குருத்தோலையில் செய்யும் மடிப்புகளைக் கவனித்துப் பார்த்தால் அத்தனையும் வால்தான். காற்றைப் பிடிக்கும் மடிப்பு, சுழலும் மடிப்பு, விரிந்து சுருங்கும் மடிப்பு எல்லாம் அதில் உண்டு. தோரணம் கட்டும் பெரியவர்கள் கேட்டால் சொல்லித் தருவார்கள். பச்சையில் கட்டினால் பாரம், ஒரு நாள் வாடவிட்டுக் கட்ட வேண்டும். நாட்கள் போகப் போக ஓலை மஞ்சளாகிச் சுருளும், பட்டத்தின் நடையும் மாறும். இந்த மாற்றத்தை நான் குறையாக எடுப்பதில்லை. அதே பட்டத்தை ஒரு கிழமை கழித்து ஏற்றிப் பாருங்கள், புதிதாகத் தெரியும்.

விண் இல்லாத பட்டம் எனக்கு அரைப் பட்டம். வளைத்த மூங்கிலோ கமுகஞ் சலாகையோ வில்லாகி, அதன் இரண்டு நுனிக்கும் இடையில் வார்ந்த பனம் நார் இழுத்துக் கட்டினால் விண். காற்றில் அந்த நார் துடித்துக் கூவும். இப்போது பெட்டி கட்டும் பிளாஸ்ரிக் பட்டியைத்தான் எல்லாரும் பாவிக்கிறார்கள். சத்தம் கூட, ஆனால் எல்லா விண்ணும் ஒரே குரலில் கத்துகிறது. பனம் நாருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. அகலமாக விட்டால் அடிக்குரல், ஒடுக்கமாக இழுத்துக் கட்டினால் மேல்குரல். நடுப்பகுதி ஓரத்தைவிடக் கொஞ்சம் மெல்லிசாக இருக்க வேண்டும். அதற்குக் கத்தி வேண்டாம், உடைந்த கண்ணாடித் துண்டால் வழித்தால் சீராக வரும். வடமராட்சியில் பட்டத்தை இரவில் பனையில் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை விண் கூவும் என்று பெரியப்பா சொல்வார். மலேசியாவின் வாவ் பட்டங்களிலும் பாலித் தீவின் பட்டங்களிலும் இதே மாதிரி கூவும் வில் உண்டு. இந்தக் கடலைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் வானத்தில் ஒரு குரல் கேட்க ஆசைப்பட்டிருக்கின்றன. குரல் வேறுபட்ட மூன்று விண்களை மூன்று பட்டத்தில் பூட்டிக் குளக்கட்டில் ஒன்றாக ஏற்றினோம். காற்று கூடும்போது மூன்று குரலும் மேலே ஏறி, குறையும்போது இறங்கின. காதைக் கொடுத்து நின்றவர்களுக்கு அது பாட்டாகவே கேட்டது.

வெளிநாட்டில் பட்டத்தைத் தங்கள் கலையாக எடுத்துக்கொண்டவர்களைப் பற்றியும் தேடிப் படியுங்கள். ஹங்கேரியின் இஷ்த்வான் போடோட்ஸ்கி இரண்டு பக்கமும் ஒவ்வாத பட்டங்களைக் கட்டிப் பறக்கவிட்டவர். ஒவ்வாத பக்கங்களில் காற்றைச் சமன் செய்வது எவ்வளவு கடினம் என்று முச்சை கட்டியவர்களுக்கு விளங்கும். பிரான்சில் வாழ்ந்த ஜாக்கி மத்தீஸ், ஓவியர் ஹென்றி மத்தீஸின் பேத்தி, பட்டத்தின் வாலையே தன் படைப்பாக்கினார். தண்ணீருக்குள் அசையும் பட்டங்களும் செய்தார். 1980களின் இறுதியில் ஜப்பானின் ஒசாக்காவில் இருந்த ஜெர்மன் கலாசார நிலையம், பல நாட்டு ஓவியர்களை ஜப்பானியத் தாளில் வரையச் செய்து, அதை ஜப்பானியப் பட்டக் கலைஞர்களிடம் கொடுத்துப் பட்டமாக்கிப் பறக்கவிட்டது. பெரிய வேலைதான். ஆனாலும் வரைந்த கை ஒன்று, கட்டிய கை இன்னொன்று என்பதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மூங்கில் எங்கே வளையும் என்று தெரிந்த கையே தாளின் நிறத்தையும் முடிவு செய்தால்தான் இரண்டும் ஒன்றாகும்.

கண்காட்சி வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். முச்சையால் தொங்கவிடுங்கள், பின்னால் யன்னல் இருக்கட்டும். மண்டபத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும், பட்டம் தன் நடையைக் கொஞ்சம் காட்டும். முடிந்தால் கடைசி நாளில் எல்லாவற்றையும் வெளியில் கொண்டுபோய் ஏற்றுங்கள். எங்கள் பிள்ளைகளின் பட்டங்களைப் பார்க்க மண்டபத்துக்கு வராத சனம், குளக்கட்டில் ஏற்றிய அன்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நின்றது.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் சிலவற்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதலாவது, அறுந்த பட்டத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஓடக்கூடாது. வேறு ஊர்களில் அது பிள்ளைகளின் சந்தோசம். வன்னியில் மிதிவெடி அகற்றிய காணி எது, அகற்றாத காணி எது என்று தெரியாமல் ஒரு அடியும் வைக்க முடியாது. பட்டம் போனால் போகட்டும், நாளைக்கு இன்னொன்று கட்டுவோம் என்று கட்டத் தொடங்கும் முன்னமே சொல்லிவைப்பேன். நூலில் பெயர் எழுதிய துண்டு கட்டும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டேன், அது தேடிப் போகச் சொல்லும். இரண்டாவது, மின்கம்பி. உயர் அழுத்தக் கம்பி கண்ணில் தெரியும் இடத்தில் ஏற்றுவதில்லை, ஈர நூலோடு ஒருபோதும் இல்லை. மூன்றாவது, பட்டத்தின் அளவு. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றியபோது கயிற்றை விடாத ஒருவரை அது மரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போனதை எல்லாரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அவர் உயிர் தப்பியது அவருடைய நல்ல காலம். பெரிய பட்டத்தின் கயிற்றை மரத்திலோ நிலத்தில் அறைந்த கட்டையிலோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். கையில் சுற்றவே கூடாது.

தங்கூசி, அதாவது நைலோன் நரம்பு, பாவித்தால் அறுந்த துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்குங்கள். அலைகரையில் கிடக்கும் தங்கூசி கொக்கின் காலில் சுற்றினால் கழலாது. பார்த்துப் படித்து உருவம் எடுத்த பறவைக்கு நாங்களே சுருக்குப் போடக்கூடாது. பருத்தி நூல் போதும் பட்டத்துக்குப் பருத்தி நூலையே தாருங்கள், அது மக்கிப்போகும்.

இப்போது சாயவேரில் கை வைத்திருக்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், வன்னி, யாழ்ப்பாணக் கரைகளில் கிண்டி எடுத்து, துணிக்குச் சிவப்பேற்ற அனுப்பிய வேர் அது. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவிட்டு, படிகாரத்திலும் நனைத்து, வேரோடு அவித்தால் செங்கல் நிறம் பிடிக்கிறது. துணிக்குள்ளால் காற்று ஒழுகும், அதனால் சோற்றுக் கஞ்சி போட்டு இழைகளுக்கு நடுவில் உள்ள துவாரத்தை அடைக்க வேண்டும். ஒரு தடவை போட்டால் ஒழுகுகிறது. கனமாகப் போட்டால் காய்ந்ததும் மடிப்பில் வெடிக்கிறது. தண்ணியாக வைத்து இரண்டு மூன்று தடவை பூசி, ஒவ்வொன்றுக்கும் இடையில் நன்றாகக் காயவிடுவதுதான் இதுவரை சரிவருகிறது. பாரம் ஓலைக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கிறது. மூங்கில் குட்டையில் ஊறுகிறது. வைகாசி பிறந்து சோளகம் பிடித்ததும் பூநகரிக் கரையில் ஏற்றுவதாக இருக்கிறோம். அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வந்தால் நூல் பிடிக்கக் கை உதவியாக இருக்கும்.